உயரம் குறைந்தவர்களுக்கும் 1200 கலோரிதான் கீழ் எல்லையா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் 31 வயது வாசகி நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கேள்விக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய உயரம் 148 செ.மீ. ஐந்து மாதங்களுக்கு முன் எடை 58.5 கிலோ. கணவர் 174 செ.மீ. உயரமும் 82 கிலோ எடையும் உள்ளவர். இருவரும் ஒரே நாளில் எடைக் குறைப்பைத் தொடங்கி, ஒரே கைபேசிச் செயலியில் உணவைக் குறித்துவந்தார்கள். செயலி கணவருக்கு 1800 கலோரியும் மனைவிக்கு 1200 கலோரியும் விதித்தது. இரண்டு மாத முடிவில் கணவர் 5 கிலோ குறைந்திருந்தார். வாசகி குறைந்ததோ 1 கிலோதான். உயரம் குறைவாக இருப்பதால் தமக்கு 1200 கூட அதிகம் என்று முடிவுசெய்து, அவர் 850 கலோரிக்கு இறங்கினார். அடுத்த இரண்டு மாதங்களில் எடை 53 கிலோவுக்கு வந்தது. ஆனால் கடந்த ஒரு மாதமாக, திங்கள் முதல் வெள்ளி வரை கட்டுப்பாட்டோடு இருப்பவர் சனி, ஞாயிறுகளில் தம்மை மீறிச் சாப்பிட்டுவிட்டு அழுகிறார். எடை மறுபடியும் 55 கிலோ. முடி கொத்தாக உதிர்கிறது, எப்போதும் குளிர்கிறது, எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது. கடைசியாக மாதவிடாய் வந்து 52 நாட்கள் ஆகின்றன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் 62 வயது மாமியாரும் மூன்று வாரங்களாக இந்த முயற்சியில் சேர்ந்து இரவு உணவை விட்டுவிட்டார். இரண்டு முறை அதிகாலையில் வியர்த்துக் கை நடுங்கியது என்கிறார்.

வாசகியின் கேள்விகள் மூன்று. 1200 கலோரி என்ற கீழ் எல்லை என்னைப் போன்ற சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் பொருந்துமா, அல்லது நான் 900 சாப்பிட்டால் போதுமா? 1200க்குக் கீழே போனால் உடல் பட்டினி நிலைக்குச் சென்று கொழுப்பு கரைவதே நின்றுவிடும் என்று உடற்பயிற்சிக் கூடப் பயிற்சியாளர் சொல்கிறாரே, என் வளர்சிதை மாற்றம் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? திருமணத்துக்கு முன்பிருந்த 45 கிலோவை எட்ட எவ்வளவு நாள் ஆகும்?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் உங்கள் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த அந்த இரண்டு வரிகளே என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் இரவு உணவைத் தவிர்த்து, அதிகாலையில் வியர்த்து நடுங்கினால், இரத்தச் சர்க்கரை அளவுக்குமீறித் தாழ்ந்திருக்கலாம் என்றே முதலில் எண்ண வேண்டும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. அன்றிரவு நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்த்து அவை நிற்பதில்லை. ஆகவே இன்றிரவு முதல் அவர் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு சாப்பிடட்டும். மீண்டும் நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, கருவி கையில் இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்து, தெளிந்தபின் இட்லியோ பாலோ கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். மருந்துச் சீட்டோடு இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.

1200 என்ற எண் எங்கிருந்து வந்தது

1200 என்பது பெண் உடலுக்குள் எழுதிவைக்கப்பட்ட எல்லை என்று நீங்களும் உங்கள் பயிற்சியாளரும் கருதுகிறீர்கள். உண்மையில் அது மருத்துவர்கள் சிகிச்சைக்காக வகுத்துக்கொண்ட ஓர் எண். அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1998இல் வெளியிட்ட உடற்பருமன் வழிகாட்டுதல் பெரும்பாலான பெண்களுக்கு 1000 முதல் 1200 கலோரி என்றது. 2013இல் அந்நாட்டு இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை 1200 முதல் 1500 என்று உயர்த்தியது. சராசரி உயரம் 162 செ.மீ. அளவில் உள்ள, பெரும்பாலும் உங்களைவிட மிக அதிக எடை கொண்ட அந்நாட்டுப் பெண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. அந்த எண்ணைக் கைபேசிச் செயலிகள் எடுத்துக்கொண்டு, 145 செ.மீ. பெண்ணுக்கும் 175 செ.மீ. பெண்ணுக்கும் ஒன்றுபோல் விதிக்கின்றன. ஆகவே இந்த எண் எனக்குப் பொருந்துமா என்று நீங்கள் சந்தேகப்பட்டது சரியே. அந்தச் சந்தேகத்திலிருந்து 850க்குப் போன வழிதான் சரியில்லை.

உங்கள் மாமியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 142 செ.மீ. உயரமும் 52 கிலோ எடையும் உள்ள, வீட்டோடு இருக்கும் 62 வயதுப் பெண் ஒரு நாளில் செலவிடுவதே 1200 முதல் 1300 கலோரிதான் இருக்கும். செயலி எடைக் குறைப்புக்கென்று சொல்லும் 1200ஐ அவர் சாப்பிட்டால் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். இன்னொரு பக்கம், நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் 165 செ.மீ. உயரமுள்ள இளம்பெண்ணுக்கு அதே 1200 கடுமையான பட்டினி.

உங்கள் உடலின் கணக்கு

1990இல் மிஃப்ளின், செயின்ட் ஜியோர் குழுவினர் வெளியிட்ட சமன்பாட்டை உணவியலாளர்கள் இன்றும் பரவலாகப் பயன்படுத்துகிறோம். பெண்களுக்கு அது இப்படி அமையும்: எடையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள், உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். மேலும் 161ஐக் கழியுங்கள். 55 கிலோ, 148 செ.மீ., 31 வயது என்ற உங்கள் அளவுகளுக்கு 1159 வருகிறது. நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகங்கள் ஆகியவை இயங்குவதற்குச் செலவாகும் ஆற்றல் இது. பகல் முழுவதும் கணினி முன் அமர்ந்து, மாலையில் சிறிது நடக்கும் உங்களுக்கு இதை 1.3ஆல் பெருக்கினால் மொத்தச் செலவு 1500ஐ ஒட்டி வரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் அதன் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 1660 கலோரி என்றிருப்பதை நீங்கள் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். அந்த மாதிரிப் பெண்ணின் எடையும் உங்களைப் போல 55 கிலோதான். ஆனால் உயரம் 162 செ.மீ. ஒரே எடையில் உயரமானவருக்குத் தசையின் பங்கு கூடுதலாகவும் கொழுப்பின் பங்கு குறைவாகவும் இருக்கும் என்பதால் அவருடைய தேவை உங்களுடையதைவிடச் சற்றுக் கூடும். இந்தியர்களின் அடிப்படை ஆற்றல் செலவை மேலைநாட்டுச் சமன்பாடுகள் சிறிது மிகையாகக் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டு, 1500 என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது உங்கள் கணவரின் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். அவருடைய செலவு 2400ஐ ஒட்டியது. அதில் 600 குறைத்தாலும் தட்டில் 1800 கலோரி இருக்கிறது. மூன்று வேளையும் நிறைவாகச் சாப்பிடலாம். வாரத்துக்கு அரைக் கிலோ குறையும். நீங்கள் அதே 600ஐக் குறைத்தால் மிஞ்சுவது 900. ஒரே வீட்டில், ஒரே அளவு மன உறுதியோடு முயலும் இருவரில் ஒருவருக்கு இது எளிதாகவும் மற்றவருக்குக் கொடுமையாகவும் இருப்பதற்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்குதான். உடல் சிறிதாக இருக்கும்போது, செலவிடும் ஆற்றலுக்கும் உண்டே ஆகவேண்டிய குறைந்தபட்ச உணவுக்கும் நடுவே உள்ள இடம் மிகவும் குறுகியது. அந்த இடத்துக்குள் நின்று எடையைக் குறைத்தால் மாதத்துக்கு ஒரு கிலோதான் குறையும். உங்கள் கணவரின் வேகத்தை உங்கள் இலக்காக வைத்துக்கொள்வதை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் மன்றாடியே கேட்கிறேன்.

முதல் இரண்டு மாதங்களைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். 58.5 கிலோவில் உங்கள் செலவு சுமார் 1550. உண்மையிலேயே 1200 சாப்பிட்டிருந்தால் இரண்டரைக் கிலோவுக்குமேல் குறைந்திருக்கும். 1 கிலோ குறைந்தது என்றால், நாளொன்றுக்கு 200 கலோரி போலக் குறிப்பில் ஏறாமல் போயிருக்கிறது என்றே தோன்றுகிறது. இதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1992இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், மிகக் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று நம்பிய பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 1000 கலோரி சாப்பிடுவதாக எழுதியவர்கள் 2000 கலோரி சாப்பிட்டிருந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் காணப்படவில்லை. அவர்கள் பொய் சொன்னவர்கள் அல்லர். உணவைக் கண்ணால் அளப்பது அவ்வளவு கடினம்.

நம் சமையலறையில் அந்த 200 கலோரி ஒளிந்திருக்கும் இடங்கள் தெரிந்தவைதான். தாளிப்புக்கு ஊற்றும் ஒரு குழிக்கரண்டி எண்ணெய் 15 மி.லி. பிடித்தால் அதுவே சுமார் 125 கலோரி. செயலியில் சாதத்தைப் பதியும்போது, வெந்த சாதத்தின் எடையா வேகாத அரிசியின் எடையா என்று பார்க்காமல் குறிப்பதுண்டு. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி, 100 கிராம் வெந்த சாதம் சுமார் 130. மகள் தட்டில் மிச்சம் வைத்த பாதித் தோசை, அலுவலகத்தில் இரண்டு வேளையும் சர்க்கரை போட்டு வரும் தேநீர், சட்னியில் அரைத்த தேங்காய் ஆகியவை பெரும்பாலும் குறிப்பில் ஏறுவதே இல்லை. அப்போது நீங்கள் செய்திருக்க வேண்டியது 5 மி.லி. கரண்டி ஒன்றை வாங்கி எண்ணெயை அளந்து ஊற்றியது மட்டுமே. 850க்கு இறங்கத் தேவையே இருந்திருக்கவில்லை.

900 ஏன் கூடாது

செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் சிறிய உடலுக்குச் சிறிய எண் போதும் என்ற உங்கள் வாதம் சரியாகவே தோன்றும். அது தடுமாறும் இடங்கள் இரண்டு.

ஒன்று, உடலின் இயக்கத்துக்கென மிஞ்சும் ஆற்றல். உடல் எடையில் கொழுப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சும் தசை, எலும்பு, உறுப்புகள் ஆகியவற்றின் எடை உங்களுக்கு 36 கிலோ அளவில் இருக்கும். உண்ட உணவிலிருந்து உடற்பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, அதை இந்த 36 கிலோவுக்குப் பங்கிட்டால், ஒரு கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போகும்போது மாதவிடாயை இயக்கும் மூளை ஹார்மோன்களின் துடிப்பு தடுமாறத் தொடங்குகிறது என்று இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் இது சற்று முன்பின்னாக மாறும். ஆனாலும் பயனுள்ள அளவுகோல். 36ஐ 30ஆல் பெருக்கினால் 1080. மாலை நடைக்கு 100 சேர்த்தால் 1180. ஆக, உங்கள் உடலுக்கான கீழ் எல்லையும் சுற்றிவந்து 1200க்கு அருகில்தான் நிற்கிறது. நீங்கள் 850 சாப்பிட்டு நடக்கவும் செய்தபோது, கிலோவுக்குக் கிடைத்தது சுமார் 20. குளிர், தலைசுற்றல், தள்ளிப்போன மாதவிடாய் ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் நாங்கள் அடிக்கடி காண்பதே. தேவையான சத்து மறுபடி கிடைக்கத் தொடங்கினால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

இரண்டு, ஊட்டச்சத்து. உடல் சிறிதென்பதால் இரும்பின் தேவை குறைந்துவிடுவதில்லை. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. இரும்பும், 1000 மி.கி. கால்சியமும் ஐசிஎம்ஆர் சொல்லும் அளவுகள். 1500 கலோரியில்கூட இவற்றை எட்டக் கீரை, பயறு, பால், மீன் என்று யோசித்துச் சமைக்க வேண்டும். 850இல் எட்டவே முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த நிலையில் ஏற்கெனவே இருக்கக்கூடிய ஒருவர் உணவைப் பாதியாக வெட்டினால், எடைக்கு முன்பே இரத்தம் குறைந்துவிடும்.

800 கலோரிக்கும் கீழான உணவுமுறைகள் மருத்துவத்தில் இல்லாமல் இல்லை. மிக அதிக எடையும் அவசரத் தேவையும் உள்ளவர்களுக்கு, சத்துகள் சேர்க்கப்பட்ட தயாரிப்புகளைக் கொடுத்து, இரத்தப் பரிசோதனையோடும் கண்காணிப்போடும் சில வாரங்களுக்கு மட்டும் அவற்றைத் தருகிறார்கள். பித்தப்பைக் கல் வரை அதில் பக்கவிளைவுகள் உண்டு. அதை வீட்டில் இரண்டு இட்லியையும் வெள்ளரிக்காயையும் வைத்து நடத்தக் கூடாது.

பட்டினி நிலை பற்றி

உங்கள் பயிற்சியாளர் சொன்னது பாதி உண்மை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45இல் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 இளைஞர்கள் ஆறு மாதங்கள் தங்கள் தேவையில் பாதியளவான சுமார் 1570 கலோரியில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் உடலின் ஆற்றல் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் எடை குறைவது நிற்கவில்லை, ஏறத்தாழ கால் பங்கு எடையை இழந்தார்கள். பட்டினி கிடந்தால் கொழுப்பு கரையாது என்பது தவறு என்பதற்கு இதுவே சான்று. அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்த இளைஞர்களுக்கு எப்போதும் குளிரெடுத்தது, எரிச்சலும் மனச்சோர்வும் வந்தன, இரவும் பகலும் உணவைப் பற்றிய நினைப்பாகவே இருந்தது. உணவு மீண்டும் கிடைத்தபோது அவர்களில் பலரால் நிறுத்த முடியாமல் சாப்பிட நேர்ந்தது. உங்கள் சனி, ஞாயிறுகளை நீங்கள் வர்ணித்த பத்தியைப் படித்தபோது எனக்கு அவர்கள் நினைவே வந்தது. அது உங்கள் மன உறுதியில் உள்ள ஓட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லவே இல்லை, பட்டினிக்கு ஆரோக்கியமான மூளை ஆற்றும் எதிர்வினை அது.

வளர்சிதை மாற்றம் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம். உங்கள் எடையும் உணவும் குறைந்ததற்கு ஏற்ப உடல் செலவைச் சற்றுச் சுருக்கியிருக்கும். போதிய உணவு கிடைத்தால் பெரும்பகுதி மீண்டுவிடும். திரும்ப ஏறிய 2 கிலோவிலும் கணிசமான பங்கு நீராக இருக்கும்.

ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். ஐந்து நாட்கள் 850, இரண்டு நாட்கள் 2400 என்றால் வாரத்துக்கு 9050; நாளொன்றுக்குச் சராசரி 1293. ஐந்து நாட்கள் வாடி, இரண்டு நாட்கள் அழுது, கடைசியில் நீங்கள் சாப்பிடுவது 1300 கலோரிதான். அதையே ஏழு நாட்களும் நிம்மதியாகச் சாப்பிடலாம். மீறிச் சாப்பிட்ட நாளுக்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி கிடப்பதோ, வாந்தி எடுப்பதோ இருந்தால், அதைத் தயங்காமல் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில் வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடை குறைப்பில் இருப்பவர்கள் மாதவிடாய் தள்ளிப்போனதற்கு உணவையே காரணமாக எண்ணி, இந்தச் சாத்தியத்தை மறந்துவிடுவதுண்டு. அது இல்லையென்று தெரிந்தால் மகப்பேறு மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் பி12, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆகியவற்றை அவர் பார்க்கக்கூடும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டா என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். பட்டினிதான் காரணம் என்று நான் ஊகிப்பது கடிதத்தை வைத்து மட்டுமே; தைராய்டு குறைபாட்டிலும் குளிர், முடி உதிர்வு, மாதவிடாய்க் கோளாறு ஆகிய மூன்றும் வரும்.

அதுவரை எடைக் குறைப்பை நிறுத்திவையுங்கள். மாதவிடாய் திரும்பி, இரண்டு சுழற்சிகள் ஒழுங்காக வரும்வரை 1500 கலோரி சாப்பிடுங்கள். காலையில் இரண்டு இட்லி, பருப்பு கெட்டியாக உள்ள ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு முட்டை. மதியம் ஒரு கிண்ணம் சாதம், கீரைக் கூட்டு, ஒரு பொரியல், 100 கிராம் மீனோ கோழியோ. சைவம் சாப்பிடும் நாட்களில் பனீரோ மீல் மேக்கரோ. மாலையில் அரைக் கிண்ணம் சுண்டலும், சர்க்கரை இல்லாத காபியும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். இரவு இரண்டு சிறிய சப்பாத்தி, பருப்பு, ஒரு கிண்ணம் தயிர். சமையல் எண்ணெய் உங்கள் பங்குக்கு நாளொன்றுக்கு மூன்று தேக்கரண்டி. இதில் 60 முதல் 65 கிராம் புரதம் கிடைக்கும். எடை குறையும் காலத்தில் தசை கரையாமல் காக்க உங்களுக்குத் தேவையான அளவு அது. சாப்பாடு முடிந்த கையோடு காபி, தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

மாதவிடாய் சீரானபின் வேர்க்கடலையையும் இரவில் ஒரு சப்பாத்தியையும் குறைத்தால் 1300க்கு வந்துவிடுவீர்கள். அதற்குக் கீழே போக வேண்டாம். மாதம் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ குறையும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தேங்கி ஒன்றிரண்டு கிலோ கூடிக் காட்டுவதால், வாராவாரம் எடை பார்ப்பது உங்களைக் குழப்பவே செய்யும். ஒவ்வொரு மாதவிடாய் முடிந்த மூன்றாம் நாளில் மட்டும் பார்த்து, மாதத்தோடு மாதத்தை ஒப்பிடுங்கள்.

குறுகிய அந்த இடைவெளியை நடையால் எவ்வளவு அகலப்படுத்தலாம் என்பதிலும் மிகையான நம்பிக்கை வேண்டாம். 55 கிலோ உடல் 3 கிலோமீட்டர் நடந்தால் கூடுதலாகச் செலவாவது 80 முதல் 100 கலோரி. கைக்கடிகாரம் 250 என்று காட்டினால் அதை நம்பி ஒரு வடை கூடுதலாகச் சாப்பிட்டுவிடாதீர்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பதும் நாளுக்கு சுமார் 13 கலோரிதான். ஆகவே தசை வளர்த்தால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற பேச்சையும் ஒதுக்குங்கள். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்தெழும் பயிற்சி, சுவரில் கையூன்றும் பயிற்சி, சிறிய எடைகளைத் தூக்குதல் ஆகியவற்றைச் செய்யுங்கள். குறையும் எடை கொழுப்பிலிருந்து போகவும், எலும்பு வலுவாக இருக்கவும் அவை தேவை. அலுவலகத்தில் மணிக்கொரு முறை எழுந்து ஐந்து நிமிடம் நடப்பதும் நாள் முடிவில் மாலை நடைக்கு இணையாகச் சேரும்.

45 கிலோ என்ற இலக்கு

இந்தியர்களுக்கான அளவுகோலின்படி உடல் நிறைக் குறியீடு (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25ஐத் தாண்டினால் உடற்பருமன். நீங்கள் 26.7இல் தொடங்கி இப்போது 25.1இல் இருக்கிறீர்கள். 50 கிலோவுக்கு வந்தால் 22.8, அது உங்களுக்கு முழுக்க ஆரோக்கியமான எடை. தொடக்கத்திலிருந்து ஐந்து விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நன்மை கிடைக்கத் தொடங்கும். அந்த அளவை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். இடுப்புச் சுற்றளவை எழுதவில்லை. அதை அளந்து 80 செ.மீ.க்குக் கீழே கொண்டுவருவதை எடையைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

45 கிலோ ஆரோக்கியத்துக்கு ஒவ்வாத எடை என்று சொல்ல மாட்டேன், குறியீடு 20.5 வரும். ஆனால் அதை அடையும் வழியைப் பாருங்கள். 50 கிலோவில் உங்கள் செலவு இன்றைய நடமாட்டத்தோடு சுமார் 1440ஆகவும், 45இல் 1380ஆகவும் குறைந்துவிடும். அப்போது மாதம் ஒரு கிலோ குறைக்க வேண்டுமென்றால் 1150க்கும் கீழே சாப்பிட வேண்டியிருக்கும். அது மாதவிடாயை நிறுத்திய அதே பகுதிக்குள் உங்களை மீண்டும் கொண்டுபோகும். ஆகவே ஆறேழு மாதங்களில் 50ஐ எட்டி, அந்த எடையிலேயே மூன்று மாதம் நில்லுங்கள். அப்போது இடுப்பளவும் இரத்தப் பரிசோதனைகளும் நன்றாக இருந்தால், மருத்துவக் காரணம் எதுவும் உங்களை 45க்குப் போகச் சொல்லாது. அதற்குமேலும் போக விரும்பினால், அந்த நேரத்து அளவுகளோடு ஓர் உணவியலாளரை நேரில் பார்த்து முடிவெடுங்கள்.